மருந்தும் அதைக் கரைக்கும் திரவமும்

சித்த மருத்துவத்தில் அனுபானம் என்றொரு சொல் உண்டு. பற்பமோ, செந்தூரமோ, சூரணமோ, எதுவாயினும் அதை எதனோடு சேர்த்து உட்கொள்ள வேண்டும் என்பதை வைத்தியர் தனியே சொல்லுவார். தேனில் குழைத்து உண்க, நெய்யில் உண்க, வெந்நீரில் உண்க என்பார். அனுபானம் மாறினால் மருந்தின் குணமும் மாறும் என்பது அவர்கள் கொள்கை. மருந்தைச் சுமந்து செல்லும் பொருளையும் மருந்தின் ஒரு பகுதியாகவே அவர்கள் எண்ணினார்கள். மேனாட்டு மருத்துவம் நம் நாட்டில் வேரூன்றிய பிறகு இந்த எண்ணம் பொதுமக்களிடையே மங்கிவிட்டது. மருந்தின் பெயரைக் கேட்கிறோம். எத்தனை வேளை என்று கேட்கிறோம். அது எதில் கரைந்திருக்கிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அவ்வாறு கேட்கப்படாத பொருளின் வரலாற்றைத்தான் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்த வரலாற்றின் இரண்டு அத்தியாயங்கள் நம் சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை.

பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடியில் குடியிருப்பவன் நான். கரையான் என்றால் மரத்தை அரிக்கும் செல் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உண்ணான், வாரான் என்னும் சொற்களைப் படித்திருக்கும் இலக்கண மாணவர் ஒருவர், கரையான் என்பதற்குக் கரைய மாட்டான் என்றும் பொருள் கூறலாம். ஊர்ப் பெயருக்கு அந்தப் பொருள் பொருந்துகிறதோ இல்லையோ, மருந்துக் கடையிலுள்ள பல பொருள்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். நோய் தீர்க்கும் ஆற்றலுடைய இரசாயனப் பொருள்களில் பல, தண்ணீரில் எளிதிற் கரைவதில்லை. சர்க்கரையும் உப்பும் கரைவதைப் போல அவையும் கரைந்துவிட்டால் தொல்லையே இல்லை. கரையாத மருந்தைக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது? மாத்திரையை விழுங்கத் தெரியாத வயது அது. பொடியைக் கொடுத்தால் துப்பிவிடும். ஆகவே கரையாதவற்றையும் கரைக்கக் கூடிய வேறு திரவங்களை மருந்து செய்வோர் தேட வேண்டியதாயிற்று. இத்தகைய திரவத்தையே கரைப்பான் என்கிறோம்.

சாராயச் சத்து, அதாவது ஆல்கஹால், மிகப் பழைய கரைப்பான். காயத்தில் தடவும் டிஞ்சர் அயோடின் என்பது ஆல்கஹாலில் கரைந்த அயோடின்தான். அடுத்தது கிளிசரின். கொழுப்பிலிருந்து சோப்புச் செய்யும்போது உடன் கிடைப்பது அது. நிறமற்றது, இனிப்பானது, தேனைப் போல் தடித்தது. பிறகு வந்தது பெட்ரோலியத் தொழிலின் வழியே கிடைக்கும் புரொப்பிலீன் கிளைக்கால். குழந்தைகளுக்கான சளி மருந்துகளிலும் காய்ச்சல் மருந்துகளிலும் இப்போது மிகுதியாகப் பயன்படுவது இதுவே. உடலுக்குள் சென்றபின் இது பெரும்பாலும் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. ஓடிக் களைத்தவனுடைய தசைகளிலும் ஊறுகிற அமிலந்தான் அது. அதைக் கையாளும் வழி உடலுக்குத் தெரியும். பச்சிளங் குழந்தைகளுக்கும், மிகுந்த அளவில் செலுத்தப்படும்போதும் மட்டுமே இதில் எச்சரிக்கை தேவை.

கரைப்பானே மருந்தாகிவிட்ட வரலாறும் உண்டு. எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் குளோரோபாரம், 1847-ஆம் ஆண்டில் எடின்பரோவில் சிம்ஸன் என்னும் மருத்துவரின் கையால் மயக்க மருந்தாயிற்று. அது மூச்சை நிறுத்திக் கொல்கிறதா, இதயத்தை நிறுத்திக் கொல்கிறதா என்ற வழக்கைத் தீர்க்க, ஹைதராபாத் நிஜாமின் ஆதரவில் எட்வர்டு லாரி என்னும் மருத்துவர் 1888-லும் 1889-லும் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்களை நடத்தினார். மூச்சே முதலில் நிற்கிறது. மூச்சைக் கவனித்துக் கொண்டால் போதும். இதயத்துக்கு ஆபத்தில்லை என்று அவை முடிவு கூறின. பின்னர், 1911-இல், லீவி என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், குளோரோபாரம் நேராக இதயத்தையே தாறுமாறாகத் துடிக்கச் செய்து கொல்லக்கூடும் என்பதைப் பூனைகளிடத்தில் மெய்ப்பித்தார். டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் இன்னொரு கரைப்பான் காகிதத் தொழிலின் உபபொருள். தோலை ஊடுருவிச் செல்லும் அதன் வியப்பான குணத்தை 1960-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஸ்டான்லி ஜேக்கப் என்பவர் விளம்பரப்படுத்தினார். மூட்டு வலி முதல் எல்லாவற்றுக்கும் அது மருந்தென்று பேசப்பட்டது. விலங்குகளின் கண் வில்லையில் மாற்றம் காணப்பட்டதால் 1965-இல் அந்நாட்டு அரசாங்கம் சோதனைகளை நிறுத்தியது. 1978-இல் சிறுநீர்ப்பையில் உண்டாகும் ஒருவகை அழற்சிக்கு மட்டும் அனுமதித்தது. தோலை ஊடுருவும்போது தன்னுள் கரைந்திருக்கும் அசுத்தங்களையும் அது உடன் கொண்டு செல்லக்கூடும். ஆகையால் தொழிற்சாலைத் தரமுள்ளதை உடம்பில் பூசிக்கொள்வது பெருந்தீங்கு. தூய்மை என்ற சொல்லை இங்கேயே நினைவில் நிறுத்திக் கொள்ளுங்கள்.

இப்போது 1937-ஆம் ஆண்டுக்கு வருவோம். பென்சிலின் மருந்துக் கடைக்கு வராத காலம். தொண்டைப் புண்ணும் பிரசவக் காய்ச்சலும் உயிரைக் கொண்டுபோன காலம். 1935-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார், சல்பானிலமைடு என்னும் வெண்மையான பொடி இத்தகைய நோய்க் கிருமிகளை அடக்குவதைக் கண்டறிந்தார்கள். உலகம் முழுவதும் அதற்குப் பெரும் வரவேற்பு. ஆனால் சல்பானிலமைடு ஒரு கரையான்: தண்ணீரில் மிகச் சிறிதே கரையும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நீர்மருந்தாகக் கிடைத்தால் நன்றாக விற்கும் என்று விற்பனையாளர் சொன்னதன் பேரில், டென்னஸி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரத்திலிருந்த மாஸன்கில் என்னும் கம்பெனி அதற்கொரு வழி தேடிற்று. அதன் தலைமை இரசாயன நிபுணர் ஹரால்டு வாட்கின்ஸ், அந்தப் பொடி டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் அழகாகக் கரைவதைக் கண்டார். நூற்றுக்கு 72 பங்கு அந்தத் திரவம். மீதியில் தண்ணீரும், மருந்தும், சாயமும், ராஸ்பெரிப் பழத்தின் மணமும். கம்பெனியின் சோதனைச்சாலையில் அதன் சுவையைப் பார்த்தார்கள், மணத்தைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள். உயிருக்கு ஏற்றதா என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமும் அன்று சொல்லவில்லை. அந்தத் திரவம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதற்கான குறிப்புகள் அதற்கு முன்பே ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வந்திருந்தன என்பதுதான் வேதனை.

1937 செப்டம்பரில் 240 காலன் மருந்து நாடெங்கும் சென்றது. அக்டோபர் மாதத்தில் ஓக்லஹோமா மாநிலத்து டல்ஸா நகர மருத்துவர்கள், சிறுநீர் அடைபட்டு நோயாளிகள் இறப்பதைக் கண்டு தலைமை மருத்துவ சங்கத்துக்குத் தந்தி கொடுத்தார்கள். சங்கத்தின் சோதனைச்சாலை, கொல்வது மருந்தன்று, அதைக் கரைத்த திரவமே என்று கண்டுபிடித்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கெய்லிங் என்னும் பேராசிரியர் விலங்குகளுக்கு அத்திரவத்தைக் கொடுத்து உறுதி செய்தார். அங்கே எலிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்த மாணவி ஒருத்தி பிரான்ஸஸ் ஓல்டுஹாம். பின்னாளில் பிரான்ஸஸ் கெல்ஸி என்ற பெயரில், 1960-இல், தாலிடோமைடு என்னும் மாத்திரையை அமெரிக்காவுக்குள் விட மறுத்து, ஊனமாய்ப் பிறந்திருக்கக்கூடிய எத்தனையோ குழந்தைகளைக் காத்தவர் அவரே. மாணவப் பருவத்தில் எலிக்கூண்டின் முன் கற்ற பாடம் வீண் போகவில்லை என்றே எண்ணுகிறேன்.

அந்த மருந்தைத் திரும்பப் பெறுவதற்கு அரசாங்கம் 239 ஆய்வாளர்களை அனுப்பியது. ஊர் ஊராகவும் வீடு வீடாகவும் அவர்கள் அலைந்தார்கள். மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மருந்து வாங்கிய குடும்பம் மலைப்பிரதேசத்துக்குக் குடிபெயர்ந்து விட்டது. அவர்களைத் தேடிச் செல்வதற்காக ஒரு மருத்துவர் தம்முடைய திருமணத்தையே ஒத்திவைத்தார். 240 காலனில் 234 காலன் மீட்கப்பட்டது. மீதம் ஆறு காலன், நம் கணக்கில் 23 லிட்டருக்கும் குறைவு. அதற்குள் 105 பேர் இறந்தார்கள். அவர்களில் 34 பேர் குழந்தைகள்.

இதில் சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்று இருக்கிறது. நஞ்சை விற்றதற்காக அந்தக் கம்பெனியின் மருந்தைப் பறிமுதல் செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை. மருந்தின் பெயரில் எலிக்சிர் என்ற சொல் இருந்தது. எலிக்சிர் என்றால் ஆல்கஹாலில் கரைத்த மருந்து என்று பொருள். இதிலோ ஆல்கஹால் இல்லை. ஆகவே பெயர் பொய் என்னும் குற்றத்தைக் காட்டித்தான் புட்டிகளைப் பறிமுதல் செய்தார்கள்! கரைசல் என்று மட்டும் பெயரிட்டிருந்தால் சட்டம் கைகட்டி நின்றிருக்கும். நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிருக்கு ஓர் அகராதிச் சொல் வழக்குரைக்க நேர்ந்தது. மறு ஆண்டே, 1938-இல், விற்பனைக்கு முன் ஒரு மருந்து தீங்கற்றது என்று மெய்ப்பிக்க வேண்டும் என்ற புதிய சட்டத்தை அந்நாடு இயற்றிற்று.

நம் நாட்டில் மருந்துச் சட்டம் வேறு வழியாகப் பிறந்தது. சத்துக் குறைந்த குயினைனும் போலி மருந்துகளும் இறக்குமதியாகிக் குவிந்ததால், 1930-இல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் வழியே 1940-இல் மருந்துச் சட்டம் வந்தது. சத்து இருக்கிறதா என்பதே அச்சட்டம் தோன்றிய காலத்தின் பெருங்கவலை. வாங்கிய மருந்தில் சொன்ன அளவு குயினைன் இல்லாவிட்டால் மலேரியா நோயாளி இறப்பான். ஆகவே அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தப் பார்வை நம் மனத்தில் இன்றும் படிந்திருக்கிறது என்பது என் கருத்து. சளி மருந்துப் புட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள். பாரசிட்டமால் இத்தனை மில்லிகிராம், குளோர்பெனிரமின் இத்தனை மில்லிகிராம் என்று அணு அணுவாக அளந்து அச்சிட்டிருப்பார்கள். கடைசியில், மணமூட்டிய பாகு, தேவையான அளவு என்று ஒரு வரி இருக்கும். புட்டியின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது அந்தக் கடைசி வரிதான்!

அந்த வரிக்குள் புகுந்த நஞ்சு 1972-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தது. சிறுநீரகம் செயலிழந்து 15 குழந்தைகள் மாண்டார்கள். அவர்கள் அருந்திய நீர்மருந்தில் புரொப்பிலீன் கிளைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1969-இல், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இதேபோல் ஏழு குழந்தைகள் இறந்திருந்தன. 1937-இல் அமெரிக்கக் கம்பெனி அறியாமையால் அந்தத் திரவத்தைத் தானே தேர்ந்தெடுத்தது. சென்னையில் அப்படி யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நல்ல திரவத்தின் பெயரில் கெட்ட திரவம் வந்து சேர்ந்தது. இந்த வேற்றுமை முக்கியமானது. 1937-க்குப் பின் உலகில் இந்த நஞ்சால் நேர்ந்த சாவுகளில் பெரும்பாலானவை ஆள்மாறாட்டத்தின் கதைகளே.

ஆள்மாறாட்டம் ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது? இரண்டும் நிறமற்றவை, மணமற்றவை, சற்றே தடித்தவை, நாவுக்கு இனிப்பானவை. பீப்பாயின் மேல் ஒட்டிய சீட்டு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் வேற்றுமை. டைஎத்திலீன் கிளைக்கால் வாகனங்களின் தடைத் திரவத்திலும், குளிர்நாடுகளில் எஞ்சின் நீர் உறையாமற் காக்கும் கலவையிலும், பிசின் தொழிலிலும் பயன்படுவது. மருந்துத் தரமுள்ள புரொப்பிலீன் கிளைக்காலைவிட அதன் விலை குறைவு. ஒரு வியாபாரி மற்றொருவருக்கும், அவர் வேறொருவருக்கும் விற்கும் சங்கிலியில் எந்தக் கண்ணியிலேனும் ஒருவன் பீப்பாயை மாற்றினாலோ, கலந்தாலோ, சீட்டை மாற்றி ஒட்டினாலோ போதும்.

உடலுக்குள் நிகழ்வது என்ன என்பது 1937-இல் தெளிவாகவில்லை. 21-ஆம் நூற்றாண்டில்தான் நன்கு விளங்கிற்று. கல்லீரலில் ஆல்கஹாலைச் சிதைக்கும் அதே நொதி இந்தத் திரவத்தையும் சிதைக்கிறது. சிதைவின் முடிவில் டைகிளைக்காலிக் அமிலம் உண்டாகிறது. அது சிறுநீரகத்தின் நுண்குழல்களில் புகுந்து சேர்ந்துவிடுகிறது. வெளியேற வழியின்றி அந்தச் செல்களையே கொல்லுகிறது. முதல் நாளில் குமட்டலும் வாந்தியும் வயிற்று வலியும், பிறகு சிறுநீர் குறைகிறது, பிறகு நின்றுவிடுகிறது. சிலருக்கு நரம்புகளும் தளர்ந்து முகமும் கைகால்களும் செயலற்றுப் போகின்றன. காலத்தோடு அறிந்தால் அந்த நொதியைத் தடுக்கும் மாற்று மருந்து உண்டு. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸும் உண்டு. ஆனால் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த தாய், வாந்தியைக் கண்டால் காய்ச்சல் முற்றியது என்றுதானே எண்ணுவாள்? இன்னும் ஒரு தேக்கரண்டி கொடுப்பாள்.

சென்னைக்குப் பின் பம்பாய். 1986-இல் அந்நகரத்து ஜே. ஜே. மருத்துவமனையில், மூளையிலும் கண்ணிலும் ஏறும் அழுத்தத்தைக் குறைப்பதற்காகக் கிளிசரின் கொடுக்கப்பட்ட 14 நோயாளிகள் இறந்தார்கள். இங்கே கரைப்பானே சிகிச்சையாக இருந்தது. அந்தக் கரைப்பானிலேயே டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. நீதிபதி லெண்டின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, மருத்துவமனையில் கொள்முதல் நடந்த முறையையும் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் நடத்தையையும் கடுமையாகக் கண்டித்தது. 1998-இல் தில்லியை அடுத்த குர்காவில் 33 குழந்தைகள். 2019-ஆம் ஆண்டு இறுதியிலும் 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகரில் 12 குழந்தைகள். வெளிநாடுகளில் வங்காளதேசம், நைஜீரியா, ஹைட்டி, பனாமா என்று பட்டியல் நீளுகிறது. 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது, உலக சுகாதார நிறுவனம் சுட்டிக்காட்டிய மருந்துகள் நம் நாட்டின் ஹரியானா மாநிலத்தில் செய்யப்பட்டவை.

காம்பியா நிகழ்ச்சி நம் நாட்டின் மானத்தைத் தொட்டது. அதன் விளைவாக, 2023 ஜூன் முதல் நாளிலிருந்து, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் இருமல் மருந்தை அரசாங்கச் சோதனைச்சாலையில் சோதித்துச் சான்று பெற்ற பிறகே கப்பலேற்ற வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. நல்ல விதிதான். ஆனால் அது ஏற்றுமதிக்கு மட்டும். உள்நாட்டில் விற்கும் மருந்துக்கு, மூலப் பொருளின் ஒவ்வொரு தொகுதியையும் உற்பத்தியாளரே சோதிக்க வேண்டும் என்ற பழைய விதியே காவலாக நின்றது.

இனி எங்கள் பகுதிக்கு வருகிறேன். கரையான்சாவடியிலிருந்து பூந்தமல்லியைக் கடந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வரும். அதற்கும் அப்பால் சுங்குவார்சத்திரம். அவ்விடத்தில் ஸ்ரீசன் பார்மா என்னும் சிறிய மருந்து ஆலை இருந்தது. அது செய்த கோல்ட்ரிப் என்னும் குழந்தைகளுக்கான சளி மருந்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்துக்குச் சென்றது. 2025 ஆகஸ்டு இறுதியிலிருந்து அந்த மாவட்டத்தின் பராசியா வட்டாரத்தில் குழந்தைகளுக்குச் சிறுநீர் நிற்கலாயிற்று. பெற்றோர் பலர் அவர்களை நாகபுரி மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தண்ணீரில் குற்றமோ, தொற்று நோயோ என்றும் தேடினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

அக்டோபர் முதல் நாள் மத்தியப் பிரதேசத்திலிருந்து தமிழ்நாட்டுக்குச் செய்தி வந்தது. நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் உடனே ஆலைக்குச் சென்று மாதிரிகளை எடுத்தார்கள். மருந்தின் விற்பனையும் நிறுத்தப்பட்டது. ஓரிரு நாளிலேயே சென்னை அரசாங்கச் சோதனைச்சாலை முடிவைக் கூறிவிட்டது: எஸ்ஆர்-13 என்னும் தொகுதியில் நூற்றுக்கு 48.6 பங்கு டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட எல்லை நூற்றுக்கு 0.1 பங்கு. அந்தத் தொகுதி 2025 மே மாதத்தில் செய்யப்பட்டது. ஓரிரு நாளில் முடிகிற சோதனை, மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை யாராலும் செய்யப்படவில்லை. கட்டுப்பாட்டு இலாகாவின் விரைவைப் பாராட்டுகிறேன். அந்த விரைவு, புட்டி லாரியில் ஏறிய பிறகு, குழந்தைகள் இறந்த பிறகு வந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆலையைச் சோதித்தவர்கள் 350-க்கும் மேற்பட்ட குறைகளை எழுதினார்கள். மருந்துத் தரம் அல்லாத புரொப்பிலீன் கிளைக்காலை அந்த ஆலை வாங்கிச் சோதிக்காமலே பயன்படுத்தியது என்பது அவற்றில் தலையாயது. அக்டோபர் 13-ஆம் நாள் ஆலையின் உரிமம் இரத்துச் செய்யப்பட்டது. அன்றே உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கை விடுத்தது.

48.6 என்ற எண்ணை அப்படியே விட்டுவிடாமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி 5 மில்லி லிட்டர். அதில் இருந்த நஞ்சு ஏறக்குறைய 2.4 கிராம். 1995-லும் 1996-லும் ஹைட்டி நாட்டில் 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாக விசாரித்து, அக்குழந்தைகள் உட்கொண்ட அளவைக் கணித்தார்கள். நடுத்தர அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.34 மில்லி லிட்டர் என்று கண்டார்கள். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது சுமார் 15 கிராம் ஆகும். அதாவது, சுங்குவார்சத்திரத்துப் புட்டியிலிருந்து ஆறு தேக்கரண்டி. நாளைக்கு மூன்று வேளை என்றால் இரண்டு நாள். சில குழந்தைகள் அதனிலும் குறைந்த அளவிலேயே நோயுற்றார்கள்.

அந்த மருந்தில் பாரசிட்டமால் இருந்தது, குளோர்பெனிரமின் இருந்தது, பினைலெப்ரின் இருந்தது. சிறு குழந்தைகளுக்குப் பின்னிரண்டின் சேர்க்கை தக்கதன்று என்று 2023-லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அறிவித்திருந்தார். நான்கு வயதுக்கு உட்பட்டவர்க்குக் கொடுக்கலாகாது என்று புட்டியில் அச்சிட வேண்டும் என்பது அந்த ஆணை. ஆயினும் அக்குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இந்த மூன்றில் எதுவும் அன்று. பெயரில்லாத அந்தக் கடைசி வரியே கெடுத்தது. 1940-இன் சட்டம் தேடிய சத்துக் குறைவும் இங்கே கேள்வியாக எழவில்லை.

பராசியா செய்தி வெளியான பின் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதினார். மூலப் பொருளையும் முடிந்த மருந்தையும் தொகுதிதோறும் சோதிக்க வேண்டும் என்ற விதியைச் சில ஆலைகள் பின்பற்றவில்லை என்று அதில் குறிப்பிட்டார். விதி புதிதன்று. சோதனையும் புதிதன்று. வாயு நிறச்சாரல் பிரிகை என்னும் கருவி முறையில் ஒரு துளியைச் செலுத்தினால், இரண்டு கிளைக்கால்களும் வெவ்வேறு நேரத்தில் வெளிவந்து தம்மைத் தாமே காட்டிக் கொடுக்கும். கருவி இல்லாத சிறிய ஆலைக்கு, மெல்லிய தகட்டின்மேல் திரவங்களை ஏற விட்டுப் பிரிக்கும் எளிய முறையும் உண்டு.

கல்லூரி மாணவர்கள் தங்கள் சோதனைச்சாலையிலேயே ஓர் உண்மையைக் காணலாம். தூய புரொப்பிலீன் கிளைக்கால் ஒரு லிட்டரின் எடை 1,036 கிராம். தூய டைஎத்திலீன் கிளைக்கால் ஒரு லிட்டரின் எடை 1,118 கிராம். சிறிதளவு கலப்படத்தைப் பிடிக்க இது போதாது; அதற்குக் கருவியே வேண்டும். ஆனால் ஒரு பீப்பாய்க்குப் பதில் மற்றொரு பீப்பாய் வந்து நிற்கும்போது, இரண்டுக்கும் நடுவேயுள்ள 82 கிராமைக் காட்ட, பூந்தமல்லிக் கடைத்தெருவில் மிளகாய் நிறுக்கும் தராசே போதும்.